குடிபெயர்ந்த நாட்டில் கார் ஓட்ட: இன்டர்நேஷனல் பர்மிட் எதுவரை செல்லும்?

பாலத்தடி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஜெர்மனிக்குக் குடிவந்து முகவரிப் பதிவு முடிச்சாச்சு. இப்ப எனக்கும் ஒரு வேலை கிடைச்சிருக்கு. முதியவங்களை அவங்க வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கிற நிறுவனம். ஒரு வீட்டுல வேலை முடிஞ்சதும் அடுத்த வீட்டுக்கு நிறுவனத்தோட கார்ல போகணும். சொந்த நாட்டு லைசென்ஸ் இருக்கு, அங்க தினமும் ஓட்டினவதான். கிளம்புறதுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் பர்மிட்டும் வாங்கிட்டு வந்தேன். ஒரு வருஷம் செல்லும்னு அதுல அச்சடிச்சிருக்கு.

மேலாளர் அதைப் பார்த்துட்டு "இது போதும், அடுத்த வாரமே தொடங்கலாம்"னு சொல்றார். என் கணவர் ஆபீஸ்ல ஒருத்தர் ஆறு மாசத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு சொல்றார். இன்னொருத்தர் மூணு வருஷம்ங்கிறார். இதுல எது சரி? வேலையை இழக்கவும் மனசில்லை, சட்டத்தை மீறவும் மனசில்லை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரைன்கரை

சகோதரி, ஆறு மாதம் என்று சொன்னவர் சொல்வதுதான் சரி.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் வெளியே வாங்கிய லைசென்ஸோடு ஜெர்மனியில் குடியேறுபவர், வசிப்பிடம் ஏற்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம் வரைதான் ஓட்டலாம். ஓட்டுநர் அனுமதி விதிகளில் 29ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பர்மிட்டில் எந்தத் தேதி அச்சாகியிருந்தாலும் இந்தக் காலம் நீளாது. ஒரு விலக்கு உண்டு: ஜெர்மனியில் மொத்தமே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கப்போவதில்லை என்று ஆதாரத்தோடு காட்டினால் லைசென்ஸ் அலுவலகம் காலத்தை நீட்டித்துத் தரலாம். குடும்பத்தோடு வந்து வேலையிலும் சேரும் உங்களுக்கு அது பொருந்தாது.

கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சட்டம் பார்ப்பது நீங்கள் உண்மையில் குடிவந்த நாளை. முகவரிப் பதிவு அதற்கு எளிதான சாட்சி, அவ்வளவுதான். ஒரு வாரம் வெளிநாடு போய்த் திரும்பினால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். வீடும் வேலையும் இங்கேயே இருக்கும்போது அந்தப் பயணம் எதையும் மாற்றாது.

ஆகவே, ஆறு மாதம் முடியாதவரை நீங்கள் ஓட்டலாம். ஆனால் உங்கள் லைசென்ஸை ஜெர்மன் லைசென்ஸாக மாற்றும் விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். காகித வேலைக்கே பல வாரம் போய்விடும்.

நெடுஞ்சாலை

அவரை இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நானும் பல நாடுகளில் வேலை பார்த்தவன். போலீஸ் நிறுத்தினால் பர்மிட்டையும் லைசென்ஸையும் காட்டுவேன், பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். வாடகைக் கார் கொடுப்பவர்களும் அதே பர்மிட்டைப் பார்த்துத்தான் சாவி தருகிறார்கள். ஐ.நா. ஒப்பந்தப்படி உலகம் முழுக்கச் செல்லும் ஆவணம் அது. நேற்று வரை ஒழுங்காக ஓட்டியவருக்கு ஆறு மாதம் முடிந்த மறுநாள் காலையில் ஓட்டத் தெரியாமல் போய்விடுமா? வேலைக்குப் போகிற பெண்ணை இதைச் சொல்லித் தடுக்காதீர்கள்.

வரைபடம்

நெடுஞ்சாலை அண்ணா, அவர் வேலைக்குப் போக வேண்டும் என்ற உங்கள் அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் "உலகம் முழுக்கச் செல்லும்" என்பது சரியல்ல. இந்த நம்பிக்கையால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதற்கு ஒரே ஒப்பந்தம் கிடையாது. 1926 பாரிஸ், 1949 ஜெனீவா, 1968 வியன்னா என்று மூன்று உண்டு. ஒவ்வொரு நாடும் இவற்றில் ஒன்றிலோ சிலவற்றிலோ சேர்ந்திருக்கும், எதிலும் சேராமலும் இருக்கும். 1949 வடிவப் பர்மிட் வழங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். 1968 வடிவம் அதிகபட்சம் மூன்று வருஷம் செல்லும், சொந்த லைசென்ஸ் அதற்கு முன் காலாவதியானால் பர்மிட்டும் அன்றோடு சரி. பாலத்தடி கேட்ட "ஒரு வருஷம்", "மூணு வருஷம்" இரண்டும் இங்கிருந்து வந்தவைதான்.

ஜப்பான் 1949 ஒப்பந்தத்தில் மட்டும் இருக்கிறது. ஜெர்மனி அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் ஜெர்மனியில் வழங்கும் பர்மிட் ஜப்பானில் செல்லாது, ஜெர்மன் லைசென்ஸோடு ஜப்பானிய மொழிபெயர்ப்பு வைத்திருந்தால்தான் ஓட்டலாம். சீனப் பெருநிலத்தில் எந்த வடிவப் பர்மிட்டும் செல்லாது.

அடுத்ததுதான் முக்கியம். வியன்னா ஒப்பந்தத்தின் 41ஆவது உறுப்பைப் படித்துப் பாருங்கள். பிற நாட்டு லைசென்ஸையும் பர்மிட்டையும் ஏற்கச் சொல்கிற அதே உறுப்பு, வசிப்பிடத்தைத் தன் நாட்டுக்கு மாற்றிக்கொண்டவரின் லைசென்ஸை ஏற்க வேண்டிய கட்டாயம் எந்த நாட்டுக்கும் இல்லை என்றும் சொல்கிறது. பயணிக்காக உருவான ஆவணம் இது, குடியேறியவருக்கானது அல்ல. வாடகைக் கார் கொடுப்பவர் உங்களைப் பயணி என்று எண்ணித்தான் சாவி தருகிறார். நீங்கள் எப்போது குடிவந்தீர்கள் என்று அவர் விசாரிப்பதில்லை, விபத்துக்குப் பிறகு விசாரிப்பவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

பர்மிட் மட்டும் கையில் இருந்து அசல் லைசென்ஸ் இல்லாவிட்டால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரைன்கரை

வரைபடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஜெர்மனியில் மீறினால் என்ன ஆகும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

இது பார்க்கிங் அபராதம் போன்ற சின்ன விஷயம் இல்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் குற்றம். அபராதம், அல்லது ஒரு வருடம் வரை சிறை. வெளிநாட்டவருக்குக் குற்றப் பதிவு என்றால் பின்னால் வசிப்பு அனுமதிக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது பதில் சொல்ல வேண்டிய ஒன்று.

பாலத்தடி, உங்கள் மேலாளரிடம் இதைக் கட்டாயம் காட்டுங்கள்: லைசென்ஸ் இல்லாதவர் ஓட்ட அனுமதிக்கும் வாகன உரிமையாளரும் அதே பிரிவில் குற்றவாளி. கார் நிறுவனத்துடையது என்பதால் உங்களைவிட அவர்களுக்குத்தான் இதில் அவசரம் அதிகம்.

இன்சூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒருவரை இடித்துவிட்டால், அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிடும், அவர் நிராதரவாக நிற்க மாட்டார். ஆனால் கொடுத்ததில் 5,000 யூரோ வரை உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம். சொந்தக் காருக்கு எடுத்த முழுக் காப்பீடு கைவிடும் வாய்ப்பு அதிகம். ஒழுங்காக ஓட்டினீர்களா என்ற கேள்விக்கே போக மாட்டார்கள், லைசென்ஸ் இருந்ததா என்பதிலேயே முடிந்துவிடும்.

கிழக்குக்காற்று

ஜப்பானில் வசிக்கிறேன். இங்கே பர்மிட் ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம் வரைதான், பர்மிட்டே அதற்கு முன் காலாவதியானால் அதுவரைதான். "சொந்த நாட்டுக்குப் போய்ப் புதுப் பர்மிட் வாங்கிட்டு வந்துடலாம்" என்ற வழியை அடைத்தே வைத்திருக்கிறார்கள். வசிப்பாளராகப் பதிவானவர் நாட்டை விட்டுப் போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால், அந்தத் திரும்பி வந்த நாளைப் புதிய வருகையாக எண்ண மாட்டார்கள். கையில் புத்தம்புதுப் பர்மிட் இருந்தாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் வழக்கு.

லைசென்ஸை மாற்றப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: லைசென்ஸ் வாங்கிய பிறகு அதை வழங்கிய நாட்டில் மொத்தம் மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும், அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பாஸ்போர்ட் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். இப்போது பல விமான நிலையங்களில் தானியங்கிக் கதவு வழியாக வெளியே வருவதால் முத்திரையே விழுவதில்லை. அப்படியானால் குடிவரவுத் துறையிடம் வருகை-புறப்பாட்டுப் பதிவு கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

2025 அக்டோபர் 1 முதல் விதிகளை இறுக்கிவிட்டார்கள். முன்பு எழுத்துத் தேர்வில் 10 கேள்வி, 7 சரியானால் போதும். இப்போது 50 கேள்வி, 45 சரியாக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மாற்றிக்கொண்டு போவதும் நின்றுவிட்டது, வசிப்பிடப் பதிவு கட்டாயம். ஓட்டுத் தேர்வில் பாதசாரிக் கடவையும் ரயில்வே கேட்டும் சேர்ந்திருக்கின்றன. பழைய அனுபவங்களை இணையத்தில் படித்துவிட்டு "சுலபம்" என்று நம்பிப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

நெடுஞ்சாலை

இன்சூரன்ஸ் விஷயமும் உரிமையாளர் மேல் வரும் வழக்கும் எனக்குப் புதிய தகவல்கள். ஒத்துக்கொள்கிறேன், அந்த நாளுக்குப் பிறகு பர்மிட்டை நம்பி ஓட்டு என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் என் மனக்குறை தீரவில்லை. சில நாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒரு படிவம் நிரப்பி மாற்றிக்கொண்டு போகிறார். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவராக இருந்தாலும் சரி. பக்கத்து மேசைக்காரர் அதைவிட நெருக்கடியான சாலைகளில் ஆயுளில் பாதியை ஓட்டிக் கழித்தவர், அவர் எல்லாத் தேர்வும் எழுத வேண்டும். இப்படிச் சுலபமாக மாற்றிக்கொள்ளும் நாடுகள் என்று ஜெர்மனியில் ஒரு பட்டியல், ஜப்பானில் ஒரு பட்டியல், பிரிட்டனில் ஒரு பட்டியல். திறமையைப் பார்க்காமல் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதுபோல இல்லையா இது?

மழைநகர்

பிரிட்டனிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது அண்ணா. ஒன்று மட்டும், அவர்கள் பார்ப்பது பாஸ்போர்ட்டை இல்லை, லைசென்ஸ் வழங்கிய நாட்டை. எந்தக் குடியுரிமை உள்ளவராக இருந்தாலும் பட்டியலில் உள்ள நாட்டில் முறையாக வசித்துத் தேர்வெழுதி வாங்கியிருந்தால் பொதுவாக மாற்றலாம். இரண்டு அரசுகள் ஒன்றின் தேர்வு முறையை மற்றொன்று நம்புவதால் வருகிற பட்டியல் அது. தனி ஒருவரின் கைத்திறமை அதில் எடைக்கே வருவதில்லை, அது வருத்தம்தான்.

ஆனால் தேர்வு எழுதச் சொல்வதே அவமானம் என்று நான் நினைக்கவில்லை. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கோ, அங்கிருந்து இங்கோ போகும்போது, ஆளில்லாத சாலையில், களைத்த நேரத்தில், கை பழைய பக்கத்துக்கே திருப்பும். எதிரே வண்டி இருந்தால் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்வோம், வெறும் சாலையில்தான் ஆபத்து. அனுபவம் நிறைய இருப்பவருக்கு இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக ஊறியிருக்கும். நல்ல பயிற்சியாளரோடு சில மணி நேரம் ஓட்டுவதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிரிட்டன் கணக்கு இது: வசிப்பாளரான நாளிலிருந்து 12 மாதம் சொந்த லைசென்ஸில் ஓட்டலாம். பட்டியலிலுள்ள நாடு என்றால் ஐந்து வருஷத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் 12 மாதத்துக்குப் பிறகு மாற்றும் வரை ஓட்டக் கூடாது. பட்டியலில் இல்லாதவர் தற்காலிக லைசென்ஸ் எடுத்துத் தேர்வு எழுத வேண்டும். அந்த 12 மாதம் தாண்டினால் மற்ற கற்பவர்களைப் போலத்தான்: வண்டியில் சிவப்பு 'எல்' பலகை, பக்கத்தில் 21 வயதுக்கு மேற்பட்ட, மூன்று வருஷமாக முழு லைசென்ஸ் உள்ள ஒருவர். நேற்று வரை பிள்ளைகளைத் தனியாகப் பள்ளிக்கு ஏற்றிப்போனவர் இன்று தனியாக ஓட்ட முடியாமல் நிற்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அதனால் முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். எழுத்துத் தேர்வில் 50க்கு 43, அபாயங்களை முன்கூட்டிக் கவனிக்கும் வீடியோத் தேர்வில் 75க்கு 44 வேண்டும்.

ஒன்ராறியோவாசி

கனடாவிலை, ஒன்ராறியோவிலை இருக்கிறவைக்காக எழுதுறன். இங்கை குடியேறினவருக்கு 60 நாள்தான். அதுக்குப் பிறகு ஒன்ராறியோ சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட ஏலாது. ஜெர்மனியையும் பிரிட்டனையும் விடக் குறைவு, அதாலை வந்த உடனையே அலுவலைப் பாருங்கோ.

ஜி1, ஜி2, ஜி எண்டு மூண்டு படி. ஜி1 எழுத்துச் சோதனையைத் தமிழிலையே எழுதலாம், கனபேருக்கு இது தெரியாது. ஆங்கிலம் சரளமில்லை எண்டு பயந்து தள்ளிப்போடுற அம்மாமாருக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. விதிகளிலை 20 கேள்வி, சைகைப் பலகைகளிலை 20 கேள்வி, ரெண்டிலையும் தனித்தனியா 16 சரி வேணும்.

புதுசாப் பழகிறவை ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கிலை காத்திருக்க வேணும். வெளிநாட்டு அனுபவத்தைக் காட்டினால் அந்தக் காத்திருப்புக் குறையும். 12 மாத அனுபவம் வரைக்கும் அனுமதிப்பத்திரத்தைக் காட்டலாம். அதுக்கு மேலை உரிமை கோர வேணுமெண்டால், அதை வழங்கின திணைக்களமோ தூதரகமோ உறுதிப்படுத்தின கடிதம் தேவை. அதிலை ரெண்டு வருச அனுபவமாவது உறுதியானால் நேரடியா ஜி சோதனைக்கே போகலாம். ஆனால் ரோட்டுச் சோதனை சித்தியடையும் வரை நீங்கள் ஜி1தான்: பக்கத்திலை நாலு வருசமாவது அனுபவமுள்ள சாரதி இருக்க வேணும், 400 வரிசை அதிவேக நெடுஞ்சாலையிலை பயிற்சியாளர் இல்லாமல் ஏற ஏலாது.

அந்தக் கடிதத்தை ஊரிலை இருந்து வெளிக்கிட முன்னமே எடுங்கோ. இன்னுமொண்டு. கன நாடுகளிலை அனுமதிப்பத்திரம் புதுப்பிச்சால் அட்டையிலை புதுத் திகதிதான் வரும், முதன்முதல் எடுத்த வருசம் காணாமல் போயிடும். இங்கை கவுண்டரிலை அட்டையைப் பார்த்திட்டு "உங்களுக்கு ஒரு வருச அனுபவம்" எண்டு எழுதிவிடுவினம். முதல் வழங்கின திகதி போட்ட பதிவு ஒண்டு கட்டாயம் கொண்டு வாங்கோ. பழைய இன்சூரன்ஸ்காரரிட்டை "விபத்துக் கோரிக்கை ஏதும் இல்லை" எண்ட கடிதமும் கேளுங்கோ, அதை ஏற்கிற கொம்பனியிலை கட்டுக்காசு குறையும்.

பாலத்தடி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரைன்கரை சார் சொன்ன உரிமையாளர் விஷயத்தை மேலாளர்கிட்ட காட்டினேன். உடனே நிறுவனத்தோட சட்ட ஆலோசகரைக் கேட்டாங்க, அவரும் அதையேதான் சொன்னார். ஆறு மாசம் முடியுற தேதியை என் கோப்புல எழுதி வச்சிருக்காங்க. அதுவரைக்கும் ஓட்டலாம், அதுக்குள்ள லைசென்ஸ் வரலைன்னா பஸ்ல போகக்கூடிய வீடுகளை எனக்குக் கொடுக்குறதா சொல்லியிருக்காங்க. மனசு நிம்மதியாச்சு.

என் நாடு பட்டியல்ல இல்லை. அப்படின்னா டிரைவிங் ஸ்கூல்ல முதல்லேருந்து எல்லா வகுப்பும் போகணுமா? கேட்ட இடத்துல எல்லாம் வேற வேற பதில் வருது.

ரைன்கரை

மகிழ்ச்சி சகோதரி, நல்ல நிறுவனம்.

முதலிலிருந்து எல்லா வகுப்பும் போக வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத நாட்டு லைசென்ஸுக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு, ஆனால் புதிதாகப் பழகுபவருக்குள்ள கட்டாய வகுப்புகள் உங்களுக்குக் கிடையாது. ஓட்டுத் தேர்வுக்குப் பயிற்சியாளர் உடன் வர வேண்டும் என்பதால் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பதிவது மட்டும் தவிர்க்க முடியாது. முழுப் பயிற்சிக் கட்டணமும் கேட்கும் இடத்தில் விதிகளின் 31ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

விண்ணப்பத்துக்கு அசல் லைசென்ஸ், அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, கண் பரிசோதனைச் சான்று, முதலுதவிப் பயிற்சிச் சான்று, புகைப்படம், முகவரிப் பதிவு எல்லாம் வேண்டும். முதலுதவிப் பயிற்சி ஒரே நாளில் முடியும். எழுத்துத் தேர்வில் 30 கேள்வி, ஒவ்வொரு தவறுக்கும் அதன் கனத்துக்கேற்பத் தண்டப் புள்ளி, மொத்தம் 10 வரை தாங்கும். ஆனால் ஐந்து புள்ளிக் கேள்வி இரண்டு தவறினால் அப்போதே தோல்வி. ஆங்கிலம் உட்பட ஜெர்மன் அல்லாத 12 மொழிகளில் எழுதலாம், தமிழ் அதில் இல்லை.

ஓட்டுத் தேர்வு 55 நிமிடம். அனுபவசாலிகள் இங்கே விழுவது வண்டியைக் கையாளத் தெரியாமல் இல்லை. தடம் மாறும்போதும் திரும்பும்போதும் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும், கண்ணாடியில் பார்த்தது கணக்கில்லை. பலகையோ விளக்கோ இல்லாத குடியிருப்புத் தெருச் சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு முதல் உரிமை, அவர் வந்த சந்து எவ்வளவு சின்னதானாலும் சரி. சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி. 'ஸ்டாப்' பலகையில் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். ஒரு பயிற்சியாளரோடு சில மணி நேரம் ஓட்டி இவற்றை உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு கொடுத்தால் லைசென்ஸில் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று குறிப்பு வரும், கியர் வண்டிக்குத் தனிப் பயிற்சி எடுத்தால்தான் அது விலகும். நிறுவனத்தின் கார்கள் எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கடந்தாலும் மாற்றும் உரிமை போய்விடாது, பதற வேண்டாம். ஓட்டுவதுதான் கூடாது.

புதுக்கரை

ஒரு குறுக்குக் கேள்வி, மன்னிக்கவும். இணையத்தில் "பத்து வருட இன்டர்நேஷனல் லைசென்ஸ், தேர்வு வேண்டாம்" என்று விளம்பரம் வருகிறது. நண்பர் வாங்கச் சொல்கிறார். இல்லாவிட்டால் விடுமுறையில் பக்கத்து ஐரோப்பிய நாட்டுக்குப் போய் அங்கே லைசென்ஸ் எடுத்து வரலாமா?

வரைபடம்

இரண்டும் வேண்டாம் நண்பா. பத்து வருடப் பர்மிட் என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. பொதுவாக உங்கள் லைசென்ஸை வழங்கிய நாட்டின் அரசோ, அந்த அரசு அங்கீகரித்த அமைப்போதான் பர்மிட் வழங்கும். இந்தப் போலி விற்பனை பற்றி அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே எச்சரித்திருக்கிறது. அந்த அட்டையைப் போலீஸிடம் நீட்டினால் மோசடி ஆவண வழக்கும் சேர்ந்து வரலாம்.

பக்கத்து நாட்டு வழியும் அடைபட்டதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் வழக்கமான வசிப்பிடம் எங்கே இருக்கிறதோ அந்த நாடுதான் லைசென்ஸ் வழங்கும். ஆண்டில் குறைந்தது 185 நாள் வாழும் இடம் என்பது அளவுகோல். அப்படி வாழாமல் வாங்கியது தெரிந்தால் ஜெர்மனி அதை ஏற்காது.

பாலத்தடி

விண்ணப்பம் கொடுத்தாச்சு. கடைசியா ஒண்ணு கேட்டுக்கிறேன். ஜெர்மன் லைசென்ஸ் கொடுக்கும்போது என் பழைய லைசென்ஸை வாங்கிக்குவாங்கன்னு சொன்னாங்க. அது திரும்ப வராதா? அம்மாவைப் பார்க்கப் போகும்போது அங்க ஓட்ட வேண்டியிருக்கும்.

ரைன்கரை

வாங்கிக்கொள்வார்கள். திருப்பி அனுப்ப ஒப்பந்தம் இல்லாத நாடுகளின் லைசென்ஸை அலுவலகமே பத்திரமாக வைத்திருக்கும். ஜெர்மன் லைசென்ஸை ஒப்படைத்தால் பழையதைத் திரும்பத் தருவார்கள். தக்க காரணம் இருந்தால் பழையதை உங்களிடமே விட்டுவைக்கவும் விதியில் இடம் உண்டு, அது அலுவலகத்தின் முடிவு. எழுத்து மூலம் கேளுங்கள், அம்மாவைப் பார்க்கப் போவதையும் அதில் குறிப்பிடுங்கள். மறுத்தால் ஜெர்மன் லைசென்ஸை வைத்து இங்கேயே புதுப் பர்மிட் எடுங்கள். உங்கள் நாடு எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதை மட்டும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே போகும்போது நீங்கள்தான் பயணி.